ஏழாம் ரீல்

திருவாரூர் நூலக மாடியில்
அறுபது நாற்காலி, முப்பத்தோரு பேர்.
எட்டு முழ வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள்,
கரை தெரியாமல் மடித்து.
குஞ்சிதபாதம் எடுத்த கடைசிப் படம்,
‘எட்டாம் நம்பர் மதகு.’
பூனாவிலிருந்து முழுசாக வந்திருக்கிறதாம்.
முழுசாக என்றதும்
காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

அவருடைய மற்ற ஒன்பது படத்துக்கும்
விருது, மாலை, அஞ்சல் தலை.
இதற்கு நாலு நாள்.
கிழவர் தூங்கிவிட்டார் என்று எழுதினார்கள்.
தஞ்சாவூர் நிருபர் ஒருவர்
திருத்துறைப்பூண்டிக்கு வந்து
என் புரொஜக்டர் வெளிச்சத்தில்தான் பார்த்தார்.
“லஸ்கர் வேலுச்சாமி காரணமில்லாமல் ஜெயிலுக்குப் போகிறான்,
நாமும்தான்” என்று முடித்திருந்தார்.
டீக்கடையில் அதைப் படித்துச் சிரித்தவர்களில்
நானும் உண்டு.

காரணம் டப்பாவில் இருந்தது.

முத்துப்பேட்டைக் கடைசி பஸ் ஒன்பதே முக்கால்.
படம் விட ஒன்பது ஐம்பத்தைந்து.
“ஜெகபரு, எதையாவது எடுத்துடு” என்றார்
பக்கிரிசாமி முதலாளி,
வெத்தலையில் சுண்ணாம்பு தடவியபடி.
ஒவ்வொரு ரீலாய் குண்டு பல்புக்கு முன் பிடித்தேன்.
ஆறில் அடிதடி. எட்டில் போலீஸ்.
ஏழில் ஒரு வறண்ட வாய்க்கால்.
இருபது அடி தள்ளி அதே வாய்க்கால்.
நூறு அடி தள்ளியும் அதே வாய்க்கால்,
அதே ஆள், குந்தியிருக்கிறான்.
ஆயிரம் அடியில் ஒன்றும் நடக்கவில்லை.
பதினோரு நிமிடம்.
பஸ்ஸுக்கு ஒரு நிமிடம் மிச்சம்.

மெட்ராசிலும் மாயவரத்திலும்
எவன் எந்த ரீலை விட்டானோ.

அடுத்த வாரம் அவரிடமிருந்து ஒரு கார்டு,
பச்சை மையில், ஆபரேட்டருக்கு என்று மட்டும் போட்டு.
ஏழாம் ரீல் ஓடும்போது சனங்கள் இருமினார்களா?
அவ்வளவுதான் கேட்டிருந்தார்.
யாரும் இருமவில்லை ஐயா, என்று எழுதிப் போட்டேன்.
பொய் இல்லை.
மார்கழியில் அவர் போய்விட்டார்.

இன்றும் சொல்கிறேன், படம் முழுக்கப் பொன் இல்லை.
வக்கீல் பேசும் இடம் பிரசங்கம்.
கதாநாயகியின் சவுரி இரண்டு காட்சியில் நிறம் மாறுகிறது.
காணாமல் போன பிள்ளையை
அவரே மறந்துவிட்டார்.
தூக்கிப் பேச வந்த பேராசிரியை
இதையெல்லாம் சொல்லவில்லை.

ஆனால் ஏழு.

முறை இல்லாத நாளில், விடிந்தும் விடியாமல்,
ஷட்டரைப் பன்னிரண்டு சுற்று தூக்கிவிட்டுக்
கரையில் குந்துகிறான் வேலுச்சாமி.
தண்ணி போகவேண்டியது
முதல் நாள் அவனைக் கட்டிவைத்து அடித்த ஊருக்கு.
வாய்க்கால் அப்படியே கிடக்கிறது.
நாலாவது நிமிடமோ ஐந்தாவதோ
வெடிப்புகளின் உள்விளிம்பு கறுக்கிறது.
எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு கரையேறுகின்றன,
தண்ணீர் இன்னும் படத்திலேயே இல்லை.
பிறகு சருகு. சருகைத் தள்ளிக்கொண்டு நுரை.
அதற்கெல்லாம் முன்னால் ஒரு சத்தம்,
பாய் சுருட்டுவதுபோல.
ஃபிலிம் ஓரத்துச் சத்தக்கோடு
அங்கே நடுங்கியிருக்கும்.
நான் ஓரத்தைப் பார்க்கவில்லை.
ஒற்றைச் செருப்பு மிதந்து வந்து
அவனுக்கு எதிரில் ஒரு சுற்று சுற்றிவிட்டுக்
கீழே போகிறது.
போலீஸ் வரும் என்று அப்போதுதான் தெரிகிறது அவனுக்கு.
எழுந்து ஓடவில்லை.
பீடியை மட்டும் அணைக்கிறான்.

பிறந்தது முதல் கடைமடையில் இருந்தும்
தண்ணி வந்த பிறகுதான் போய்ப் பார்த்திருக்கிறேன்.
வருவதைப் பார்த்ததில்லை.

மின்விசிறி, ஒரு போன்,
யாரோ பிஸ்கட் உறையைப் பிரிப்பது.
பதினோரு நிமிடத்தில்
நாலு பேர் இருமினார்கள், ஐயா.
மூன்றாவது நான்.